புரட்டாதி முடியுமுன் கூரையில் ஏறுங்கள்

எங்கள் வீட்டுக் கைமரங்களில் கரிக்கோடுகள் இருக்கின்றன. போன மாரியில் எங்கெங்கே சொட்டியதோ அங்கங்கே ஒரு கோடு, பக்கத்தில் மாதத்தின் முதல் எழுத்து. வீட்டுக்கு வருகிறவர்கள் பிள்ளைகளின் கிறுக்கல் என்று நினைப்பார்கள். ஆவணியில் சிறுபோகம் வெட்டி, நெல்லைக் காயவைத்து மூட்டை கட்டியதும் நான் முதலில் அண்ணாந்து பார்ப்பது அந்தக் கோடுகளைத்தான்.

வட இலங்கையின் வன்னியில் கூரை வேலைக்குத் தோதான காலம் மிகக் குறுகியது. சிறுபோக அறுவடைக்கும் காலபோக விதைப்புக்கும் இடைப்பட்ட ஐந்தாறு கிழமைகள், அவ்வளவுதான். அப்போதுதான் கையில் நெல் விற்ற காசு இருக்கும், மரமும் ஓடும் நன்றாகக் காய்ந்திருக்கும். ஐப்பசி பிறந்தால் பின்னேரத்தில் இடிமழை தொடங்கிவிடும். மேசன்மாரும் வயலுக்குள் இறங்கிவிடுவார்கள், கூப்பிட்டாலும் வரமாட்டார்கள். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு நாள்கணக்கில் பெய்யும்போது கூரையில் கைவைக்கவே முடியாது.

நான் இருப்பது விசுவமடுவில். 2013 இல் இந்திய அரசு உதவிய வீட்டுத்திட்டத்தில் வீடு கட்டினோம். ஐந்தரை இலட்சம் ரூபா கட்டம் கட்டமாக வந்தது. ஆள் பிடிப்பது, சாமான் வாங்குவது, வேலையைப் பார்ப்பது எல்லாம் எங்கள் பொறுப்பு. கணவர் இல்லை. அம்மா, நான், இரண்டு பிள்ளைகள். கூரைக்கு மரம் தந்தவர் பச்சை மரத்தைத் தந்துவிட்டார், எனக்கு அப்போது பார்க்கத் தெரியவில்லை. அடுத்த வருடமே ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களான சிலாகைகள் முறுக்கிக்கொண்டன. அந்த மாரி முழுக்கப் பானை சட்டிகளை வீடெங்கும் பரப்பிவைத்துக்கொண்டு இருந்தோம். தச்சு வேலை தெரிந்த பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, "ஒழுகிறது ஓடு இல்லைப் பிள்ளை, மரம்" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு புரட்டாதியும் நானே ஏணி வைக்கிறேன். கீழே சொல்வதெல்லாம் அவர் காட்டித்தந்ததும், பிறகு நான் பட்டுத் தெரிந்துகொண்டதும்.

முதலில் கூரைக்கு மேலே போகாதீர்கள். நல்ல வெயில் நேரத்தில், பன்னிரண்டு மணிக்குக் கிட்ட, யன்னல் கதவுகளைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் நின்று மேலே பாருங்கள். ஓடு விலகிய இடமெல்லாம் வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். மயிரிழை வெடிப்பு இப்படித் தெரியாது. அதற்குத் தண்ணீர் ஊற்றித்தான் பார்க்கவேண்டும். குழாயால் கீழ்வரிசையில் தொடங்கி ஒரு பத்து நிமிடம், பிறகு இரண்டு வரிசை மேலே இன்னொரு பத்து நிமிடம் என்று மெல்ல மெல்ல ஏறுங்கள். உள்ளே ஒருவர் ரோச் லைற்றோடு நிற்கவேண்டும். முகட்டிலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்துவிடும், எது எந்த ஓட்டை என்று பிரித்தறிய முடியாது.

சொட்டும் இடம் வேறு, தண்ணீர் உள்ளே வரும் இடம் வேறு. எங்கள் சாமித்தட்டுக்கு நேர்மேலே மூன்று மாரி சொட்டியது. மூன்று முறையும் அந்த இடத்து ஓட்டைத்தான் மாற்றினேன். நான்காம் வருடம், மழை பெய்துகொண்டிருக்கும்போதே கதிரையில் ஏறி, கைமரத்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே மேலே போனேன். ஈரம் முடியவே இல்லை. ஏழடி தள்ளி, முகட்டோட்டுச் சாந்தில் ஒரு வெடிப்பு. தண்ணீர் அங்கே உள்ளே வந்து, கைமரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டே இறங்கி, மரத்தில் ஒரு முண்டு தட்டுப்பட்ட இடத்தில் விழுந்திருக்கிறது. முண்டுக்கு நேர்கீழேதான் சாமிப்படம். ஆகவே சொட்டைக் கண்டால் அங்கேயிருந்து மேல்நோக்கித் தேடுங்கள்.

அடுத்தது மரம். ஒரு திருப்புளியை எடுத்து ஒவ்வொரு கைமரத்தையும், குறிப்பாகச் சுவரில் உட்காரும் முனையை, குத்திப் பாருங்கள். வைரமான மரம் திருப்பிக் குத்தும். உளுத்த மரத்தில் திருப்புளி இறங்கும். சுவரில் மண்கோடு ஏறியிருந்தால் கறையான். கோட்டைச் சுரண்டுவதோடு நின்றுவிடாமல் அது எந்த மரத்தில் போய் முடிகிறது என்று தொடர்ந்து பார்க்கவேண்டும். பிறகு முகட்டிலிருந்து தாழ்வாரம் வரை நூல் பிடியுங்கள். நடுவில் மரம் நூலைவிட்டுத் தாழ்ந்திருந்தால், அங்கே ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையில் வாய் திறந்திருக்கும். எத்தனை ஓடு மாற்றினாலும் அந்த வாய் மூடாது.

ஒரு முனை மட்டும் உளுத்திருந்தால் முழுக் கைமரத்தையும் கழற்றத் தேவையில்லை. உளுத்த பகுதியை வெட்டியெறிந்து, நல்ல பகுதியோடு ஒட்டியபடி இன்னொரு துண்டை மூன்றடிக்குக் குறையாமல் சேர்த்து வைத்து, நட்டும் போல்ட்டும் போட்டு இறுக்குங்கள். ஆணி மட்டும் போதாது, காலப்போக்கில் தளர்ந்துவிடும். வெட்டும் முன் அந்தக் கைமரத்துக்குக் கீழே முட்டுக் கொடுத்திருக்க வேண்டும்.

மரம் வாங்கினால் முதிரை, பாலை இரண்டும் காலத்துக்கும் நிற்கும், விலையும் அப்படித்தான். எங்கள் வீட்டில் மாற்றியதெல்லாம் பனங்கைமரம். முற்றிய பனையின் வெளிப்புற வைரம் கறுப்புக் கறுப்பாக நார் தெரிய இருக்கவேண்டும். வெளுத்த சோத்திப் பகுதி கலந்திருந்தால் வாங்காதீர்கள், கறையானுக்கு அதுதான் விருப்பம். பனை தறிக்கவும் ஏற்றிக்கொண்டு வரவும் அனுமதி வேண்டும், அதை முதலிலேயே எடுத்துவிடுங்கள். பச்சை மரமா என்று பார்க்க எனக்கு ஒரு வழிதான் தெரியும்: ஒரே அளவான இரண்டு துண்டைக் கையில் தூக்கிப் பாருங்கள். பாரமானது பச்சை. மரத்தை ஏற்றும் முன் கழிவு ஒயில் இரண்டு தரம் பூசவேண்டும். சுவருக்குள் போகும் முனையை ஒயில் வாளிக்குள்ளேயே ஓர் இரவு நிறுத்திவையுங்கள்.

சரி, இப்போது ஓடு. ஒரு பழைய ஓட்டைக் கையோடு கொண்டுபோகாமல் கடைக்குப் போகாதீர்கள். பார்வைக்கு எல்லாம் ஒரே ஓடு போலத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு சூளையின் அச்சும் ஒரு நூல், இரண்டு நூல் வித்தியாசப்படும். ஒன்றின் பள்ளத்தில் மற்றதன் வரம்பு உட்காராது, உட்காராத இடத்தில் வாடை மழையைத் திணிக்கும். கடையிலேயே இரண்டையும் கோத்துப் பாருங்கள். விரல் மடக்கித் தட்டினால் நல்ல ஓடு கணீரென்று கேட்கும், வெடித்த ஓடு தொம்மென்று கேட்கும். தேவைக்கு மேல் இருபது ஓடு வாங்கிச் சுவரோரம் நிமிர்த்தி அடுக்கிவையுங்கள். ஐந்து வருடம் கழித்து அதே அச்சு கிடைக்குமென்று யாராலும் சொல்ல முடியாது.

சிலாகை இடைவெளியை அளவுநாடாவை நம்பி வைக்காதீர்கள். வாங்கிய ஓட்டில் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து, ஓட்டின் பின்னால் இருக்கும் கொக்கிக்கும் கொக்கிக்கும் உள்ள தூரத்தை ஒரு தடியில் வெட்டிக் குறியுங்கள். அந்தத் தடிதான் உங்கள் வீட்டு அளவு.

ஒற்றை ஓடு மாற்ற ஓர் ஆப்பு போதும். பனஞ்சிராயில் ஒரு சாண் நீளத்தில் இரண்டு ஆப்பு சீவி வைத்திருக்கிறேன். வெடித்த ஓட்டுக்கு மேல் இருக்கும் ஓட்டை ஓர் ஆப்பால் நெம்பித் தூக்கி, பக்கத்து ஓட்டை மற்ற ஆப்பால் தூக்கினால் வெடித்தது தளர்ந்துவிடும். அதைச் சற்று மேலே தள்ளினால் கொக்கி சிலாகையை விட்டு விடுபடும், பிறகு கீழ்நோக்கி இழுத்து எடுக்கலாம். புதியது அதே வழியால் உள்ளே போகும். கொக்கி சிலாகையில் விழும்போது "டொக்" என்று ஒரு சத்தம் வரும். அது வராமல் ஆப்பை எடுக்காதீர்கள்.

ஓட்டின் நடுவில் மிதிக்கக்கூடாது, சிலாகைக்கு மேலாக வரும் கீழ்விளிம்பில்தான் கால் வைக்கவேண்டும். வெறுங்கால் நல்லது. பாசி பிடித்த ஓட்டில் பனி காயும் முன் ஏறவேண்டாம். ஏணியின் தலையைக் கைமரத்தோடு கட்டுங்கள். ஓட்டைத் தூக்கியவுடன் கையை உள்ளே விடாதீர்கள். தேளும் குளவியும் இருக்கும், ஒருமுறை கட்டுவிரியனையும் கண்டிருக்கிறேன். மின்கம்பி வீட்டுக்குள் இறங்கும் பக்கம் வேலையென்றால் மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டு ஏறுங்கள்.

முகட்டோட்டில் எல்லோரும் செய்யும் பிழை, வெடித்த சாந்தின் மேலேயே புதிய சீமெந்தை அப்புவது. ஒரு வெயிலில் அது சிப்பியாகக் கழன்றுவிடும். பழைய சாந்தை உளியால் முழுதாகத் தட்டியெடுங்கள். தூசியைத் துடைத்து, ஓட்டை நன்றாக நனையுங்கள். காய்ந்த ஓடு சாந்தின் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டால் சாந்து பிடிக்காது. ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு அரித்த மணல். பின்னேரம் பூசி, மேலே நனைந்த சாக்குப் போட்டு மூன்று நாள் ஈரம் காயாமல் பாருங்கள். புரட்டாதி வெயிலைக் குறைவாக எண்ணவேண்டாம்.

வீட்டோடு சேர்த்துச் சாய்ப்பாகப் பத்தி இறக்கியவர்களுக்கு ஒரு சொல். ஓட்டுக்கு அடிக்கு ஆறு அங்குலமாவது சரிவு வேண்டும். பத்தியில் அந்தச் சரிவு கிடைக்காது, ஆகவே அங்கே ஓடு போடாமல் நெளிநெளியான கூரைச் சீற் போடுங்கள். தகரமோ சீற்றோ வாடை வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், அதாவது தென்மேற்கு முனையில் தொடங்கி, வடகிழக்கு நோக்கி ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றிக்கொண்டு வரவேண்டும். அப்போதுதான் மேல் சீற்றின் விளிம்பு காற்றுக்கு முதுகைக் காட்டும். பக்கவாட்டில் ஒன்றரை வளைவு, மேல்கீழாக ஆறு அங்குலம் மேற்படியட்டும். ஆணி எப்போதும் வளைவின் உச்சியில், றப்பர் வொஷரோடு. பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் ஓடும் வழியிலேயே நீங்கள் ஓட்டை போட்டதாகிவிடும்.

அஸ்பெஸ்ரஸ் சீற்றில் நேராக ஏறக்கூடாது, பலகை போட்டுத்தான் ஏறவேண்டும். அதைக் காயவிட்டு அறுக்கவோ துளைக்கவோ வேண்டாம், பழைய சீற்றைத் தும்பால் தேய்க்கவும் வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலில் தங்கிப் பல வருடம் கழித்துப் புற்றுநோயாகக்கூட வரும். நனைத்து, முகத்தை மூடி, கைவாளால் அறுங்கள். உடைந்த சீற் துண்டுகளைப் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் போடாதீர்கள். யுத்தத்தில் உடைந்த வீடுகளின் துண்டுகளே எங்கள் காணிகளில் இன்னும் கிளம்பிக்கொண்டிருக்கின்றன.

தங்கச்சி மொன்றியலில் இருக்கிறாள். அங்கே வீட்டுச் சூட்டில் கூரைப்பனி உருகி, குளிர்ந்த ஓரத்துக்கு வந்ததும் திரும்ப உறைந்து அணை கட்டிவிடுமாம். பின்னால் வரும் தண்ணீர் போக வழியில்லாமல் கூரைத் தகட்டுக்கு அடியால் மேலேறி வீட்டுக்குள் வருமாம். அதற்காக ஓரத்தில் ஒட்டுத்தாள் விரித்துவிட்டுத்தான் தகடு அடிக்கிறார்கள். கேட்டபோது எனக்குத் தாழ்வாரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் எங்கள் பீலிதான் நினைவுக்கு வந்தது. வேப்பஞ்சருகு அடைத்த பீலியும் அதே அணைதான். ஐப்பசி முதல் மழைக்கு முன்னும் கார்த்திகை நடுவிலும் பீலியைக் கையால் வழித்துவிடுங்கள், பத்தடிக்கு ஓர் அங்குலம் சரிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஓட்டைக் கிளப்பிப்போடும் குரங்குக்கு முழு மருந்து இல்லை. கூரைக்குத் தாவும் கொப்புகளை வெட்டலாம். தாழ்வார வரிசை, இரண்டு ஓரம், முகட்டுக்கு அடுத்த வரிசை ஆகிய ஓடுகளைப் பின்னாலிருக்கும் துளையில் துத்தநாகம் பூசிய கம்பி கோத்துச் சிலாகையோடு கட்டலாம். 2020 டிசெம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் வந்தபோது இரவு முழுக்கக் கூரை கடகடத்தது. காலையில் பார்த்தால் கட்டியிருந்த வரிசைகளில் ஓர் ஓடும் நகரவில்லை, கட்டாமல் விட்ட நடுவில் பதினொரு ஓடு போயிருந்தது. அதன்பிறகு நடுவிலும் ஒன்றுவிட்டு ஒன்று கட்டிவிட்டேன்.

இவ்வளவு செய்தும் நடுமாரியில் ஒழுகினால் மேலே ஏறாதீர்கள். 2018 மார்கழி வெள்ளத்தில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்து ஊரெல்லாம் தண்ணீர் நின்றபோது, விழுந்து கால் முறிந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூட வழியிருக்கவில்லை. உள்ளே மேசை போட்டு ஏறி, வெடித்த ஓட்டுக்கு மேல் ஓட்டைச் சற்று உயர்த்தி, ஒரு முழ நீளத் தகரத் துண்டை வெடித்த ஓட்டின் மேலாகச் செருகிவிடுங்கள். தகரத்தின் தலை மேல் ஓட்டுக்கு அடியில் இருக்கவேண்டும். சொட்டும் இடத்தில் ஒரு நூலைக் கட்டி வாளிக்குள் தொங்கவிட்டால் தண்ணீர் நூலோடு இறங்கும், இரவு முழுக்கச் சத்தம் கேட்காது, தெறிக்காது.

பெரிய சேதமென்றால் மழை விட்ட நேரம் பார்த்து, இரண்டு பேராகத் தறப்பாள் போடுங்கள். அது முகட்டைத் தாண்டி மற்றப் பக்கத்திலும் தொங்கவேண்டும். நடுக்கூரையில் அதன் மேல்விளிம்பு நின்றால் தண்ணீர் அடியால் புகுந்துவிடும். ஆணி அடிக்காமல் கயிறு கட்டி, முனைகளில் மண்மூட்டை தொங்கவிடுங்கள். வெயில் வந்த முதல் நாளே அதைக் கழற்றி மரத்தைக் காயவிடவேண்டும், ஈரத்தை மூடிவைத்தால் கைமரம் பூஞ்சணம் பூத்துவிடும். தறப்பாளைக் கழுவி உலர்த்தி, மடிக்காமல் சுருட்டி, எலி எட்டாத உயரத்தில் கட்டித் தூக்கிவையுங்கள்.