வெளிநாட்டு விமான டிக்கெட்: விலை ஏறும் காலத்தில் கைப்பணத்தைக் கரைக்கும் தவறுகள்

சென்னையிலிருந்து லண்டனுக்கோ டொராண்டோவுக்கோ போய்வர டிக்கெட் பார்த்தவர்களிடம் விலை ஏறிய கதையை நான் சொல்லத் தேவையில்லை. காரணங்களில் பலவும் நம் கையில் இல்லாதவை. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய, அமெரிக்க விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. அதன்பின் டெல்லியிலிருந்து வட அமெரிக்கா போகும் ஏர் இந்தியா விமானங்களில் சில, வழியில் வியன்னாவிலோ கோபன்ஹேகனிலோ இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போக வேண்டிவந்தது. சுற்றிப் போனால் எரிபொருளும் கூடும், விமானிகளின் பணி நேரமும் கூடும். வரியும் சும்மா இல்லை. லண்டனில் இந்தியாவுக்கு விமானம் ஏறும் எகானமி பயணிகளில் 16 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் 90 பவுண்டாக இருந்த பயணிகள் வரி, 2026 ஏப்ரலிலிருந்து 102 பவுண்டு.

இதையெல்லாம் நாம் குறைக்க முடியாது. ஆனால் விலையைப் பார்த்து மிரண்டுபோய், அவசரத்தில் தப்பாக டிக்கெட் போட்டு இழக்கிற பணம் இருக்கிறதே, அது முழுக்க நம் கையில்தான் இருக்கிறது. என் குடும்பத்திலேயே அப்படிப் பணம் போயிருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதல் விமானத்தை விட்டுவிடுவது

என் பெரியம்மா, தன் மகளின் பிரசவத்துக்காக லண்டன் கிளம்பினார். சென்னை–மும்பை–லண்டன், போக வர ஒரே டிக்கெட். புனேயில் இருக்கும் மகனைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நாலு நாள் முன்னதாகவே ரயிலில் கிளம்பிவிட்டார். "மும்பையில்தானே பெரிய விமானம், அங்கே ஏறிக்கொள்கிறேன்" என்பது அவர் கணக்கு. எங்களில் ஒருவருக்கும் அது தப்பு என்று தோன்றவில்லை. மும்பை கவுன்டரில் போய் நின்றபோது டிக்கெட்டே இல்லை. சென்னை விமானத்தில் ஏறாததால், அதற்குப் பின்னால் இருந்த எல்லாமே தானாக ரத்தாகியிருந்தது. திரும்பி வரும் டிக்கெட்டும் சேர்த்துத்தான். பிரசவத் தேதி நெருங்கிவிட்டதால் அங்கேயே நின்று, அன்றைய விலைக்குப் புது டிக்கெட் வாங்கினோம். அந்த ஒருவழி டிக்கெட்டின் விலை, பழைய இருவழி டிக்கெட்டின் விலையைத் தாண்டிவிட்டது.

அநேகமாக எல்லா விமான நிறுவனங்களின் விதியும் இதுதான். டிக்கெட்டில் எழுதியுள்ள வரிசைப்படியே பயணம் செய்ய வேண்டும். நடுவில் மாற்றம் தேவைப்பட்டால், முதல் விமானம் கிளம்புவதற்கு முன்பே கூப்பிட்டு டிக்கெட்டை மாற்றித் தரச் சொல்ல வேண்டும். அதற்கும் பணம் ஆகும்தான், ஆனால் கடைசி நேரப் புது டிக்கெட்டுக்கு ஆவதைவிடப் பெரும்பாலும் குறைவு. கடைசித் துண்டை மட்டும் விட்டுவிட்டு நடு ஊரில் இறங்கிக்கொள்ளலாம் என்று யோசனை சொல்கிறவர்களும் உண்டு. செக்-இன் செய்த பெட்டி கடைசி ஊருக்குத்தான் போகும் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

இரண்டு டிக்கெட்டாக உடைத்து வாங்குவது

சென்னையிலிருந்து துபாய் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து வேறு நிறுவனத்தில் இன்னொரு டிக்கெட். கூட்டிப் பார்த்தால் பத்து, பதினைந்தாயிரம் மிச்சமாவது போலத் தெரியும். சில இணையதளங்கள் இப்படி இரண்டு டிக்கெட்டை ஒட்டவைத்து ஒன்று போலவே காட்டுகின்றன. 'நீங்களே பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும்' என்ற வரி கீழே பொடி எழுத்தில் இருக்கும். அதைத் தேடிப் படியுங்கள்.

ஒரே டிக்கெட்டாக இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் மாற்று விமானத்தில் ஏற்றிவிடுவது அந்த நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட்டில் இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் 'வராத பயணி', அவ்வளவுதான். 2025 ஜூன் 23 அன்று கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியபோது தோஹா வழியாகப் போக வேண்டிய பயணங்கள் எப்படிக் குலைந்தன என்று பார்த்தோம். அப்படி ஒரு நாளில் இரண்டு டிக்கெட்டோடு நடுவழியில் நிற்பதை யோசித்துப் பாருங்கள். வயதான அப்பா அம்மாவை அனுப்பும்போது இந்த வழியை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

பெட்டியை எடுக்க வெளியே வர வேண்டும் என்றால் அந்த நாட்டு விசாவும் வேண்டும். ஒரே டிக்கெட்டாக இருந்தாலும்கூட டிரான்சிட் விசா விஷயத்தில் ஏமாந்துவிடக் கூடாது. இந்திய பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா வைத்திருப்பவரும் டொராண்டோவில் விமானம் மாறக் கனடாவின் டிரான்சிட் விசா எடுக்க வேண்டும். இலங்கை பாஸ்போர்ட்காரர்களுக்கு ஃபிராங்ஃபர்ட், பாரிஸ் போன்ற ஷெங்கன் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின்) விமான நிலையங்களை விட்டு வெளியே வராவிட்டாலும் டிரான்சிட் விசா தேவை. செல்லுபடியாகும் அமெரிக்க அல்லது கனடா விசா இருந்தால் இவர்களுக்கு விலக்கு உண்டு. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், பணம் கட்டும் முன் அந்தந்த நாட்டின் அரசு இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நாலு பேருக்கும் சேர்த்தே தேடுவது

பலருக்கும் தெரியாத சங்கதி இது. ஒரே எகானமி வகுப்புக்குள் பத்துக்கும் மேற்பட்ட விலைப்படிகள் இருக்கும். ஒவ்வொரு படியிலும் இத்தனை சீட் என்று கணக்கு. கீழ்ப்படி விற்றுத் தீர்ந்தால் அடுத்த படி திறக்கும். நாலு பேருக்கு என்று தேடினால், நாலு சீட்டும் ஒரே படியில் கிடைக்கிற விலையையே பல தளங்கள் காட்டும். உதாரணத்துக்கு, 62,000 ரூபாய் படியில் மூன்று சீட்தான் மிச்சம், அடுத்த படி 71,000 என்று வைத்துக்கொள்வோம். நாலு பேருக்கும் தலைக்கு 71,000 என்று 2,84,000 கேட்கும். மூன்று பேருக்கு ஒன்றும், ஒருவருக்குத் தனியாக ஒன்றும் போட்டால் 2,57,000. வித்தியாசம் 27,000 ரூபாய்.

அதனால் முதலில் ஒருவருக்குத் தேடுங்கள், பிறகு இரண்டு, மூன்று என்று ஏற்றிக்கொண்டே போங்கள். விலை எங்கே துள்ளுகிறதோ அங்கே பிரித்துப் போடலாம். ஆனால் குழந்தைகளைப் பெரியவர் ஒருவரோடு ஒரே பி.என்.ஆரில் (முன்பதிவு எண்ணில்) வைக்க வேண்டும். போட்டு முடித்ததும் நிறுவனத்தைக் கூப்பிட்டு இரண்டு பி.என்.ஆரையும் இணைத்துக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்னொரு பக்கம், செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் வாங்கினால் மலிவு, பிரவுசரில் குக்கீயை அழித்தால் விலை இறங்கும் என்கிற பேச்சை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். நேற்றுப் பார்த்த விலை இன்று ஏறியிருந்தால், பெரும்பாலும் அந்தப் படியை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள் என்றுதான் அர்த்தம். கூகுள் ஃபிளைட்ஸில் விலை மாறினால் தகவல் அனுப்பச் சொல்லி வைத்துவிட்டு, உங்கள் பட்ஜெட்டுக்குள் வந்ததும் வாங்கிவிடுவது நல்லது.

நம் காலண்டரை மட்டும் பார்த்துத் தேதி வைப்பது

ஆடியில் முகூர்த்தம் இல்லையே, கூட்டம் இருக்காது என்று நினைக்கக் கூடாது. பிரிட்டன், கனடா பக்கம் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்டில். பிள்ளைகளோடு ஊருக்கு வந்தவர்கள் எல்லாரும் ஆகஸ்ட் கடைசியில் ஒரே நேரத்தில் திரும்புவார்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரையிலும் இதே நிலைதான். மார்கழி முடிந்து தையில் வரும் கல்யாணத்துக்கு அந்த நெருக்கடி இல்லை. பொங்கல் கழிந்தபின் இங்கே வரும் விமானங்களில் கூட்டம் வடிந்திருக்கும். கல்யாணத் தேதி குறிக்கும்போதே வெளிநாட்டிலிருந்து வரும் அண்ணன், அக்கா குடும்பங்களின் டிக்கெட்டையும் ஒரு பேச்சு பேசிவிட்டால் எத்தனையோ லட்சம் மிஞ்சும்.

பெட்டியைக் கணக்கில் சேர்க்காமல் விலையை ஒப்பிடுவது

மிக மலிவாகத் தெரியும் டிக்கெட்டில் செக்-இன் பெட்டியே சேராமல் இருக்கலாம். அமெரிக்கா, கனடா வழித்தடங்களில் 23 கிலோவில் இரண்டு பெட்டி என்றிருந்த வழக்கம் இப்போது எல்லா விலைப்படிக்கும் பொருந்தாது. பெட்டிக் காசையும் சேர்த்த பிறகுதான் எது மலிவு என்று சொல்ல முடியும்.

சென்னை விமான நிலையத்தில் நள்ளிரவில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் தெரியும். கவுன்டருக்கு எதிரே தரையில் பெட்டியை விரித்துப் போட்டுக்கொண்டு, இட்லிப் பொடியை எடுப்பதா, அப்பளக் கட்டை எடுப்பதா என்று ஒரு குடும்பமே குனிந்து நிற்கும். வழியனுப்ப வந்தவர்கள் உள்ளே வர முடியாதே, எடுத்ததை யாரிடம் கொடுப்பது? அந்தத் தவிப்பிலேயே கேட்ட காசைக் கட்டிவிடுவார்கள். கொக்கி மாட்டித் தூக்கி எடை பார்க்கும் சின்னத் தராசு சில நூறு ரூபாய்தான். பெரிய பெட்டி காலியாகவே நாலைந்து கிலோ இருக்கும், அதையும் சேர்த்து எடை பாருங்கள். கூடுதல் எடை தேவை என்று முன்பே தெரிந்தால் ஆன்லைனில் வாங்கிவிடுங்கள். கவுன்டரில் பெரும்பாலும் அதைவிட அதிகம் கேட்பார்கள்.

போட்ட டிக்கெட்டை மறுபடி பார்க்காமல் விடுவது

'இலவசமாகத் தேதி மாற்றலாம்' என்றால் மாற்றும் கட்டணம் மட்டும்தான் இலவசம். புதுத் தேதியின் விலை கூடுதலாக இருந்தால் வித்தியாசத்தைக் கட்டியே ஆக வேண்டும். வெளிநாட்டு நாணயத்தில் இந்திய அட்டையால் கட்டினால் பல வங்கிகள் 3.5 சதவீதம் வரை தனியாகப் பிடிக்கும்.

அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும் என்பதால், அங்கே ஒன்றரை மணி நேர இடைவெளியில் அடுத்த விமானம் இருக்கும் டிக்கெட்டை வாங்காதீர்கள். மூன்று மணி நேரமாவது வேண்டும். அபுதாபி வழியாகப் போனால் அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனை அங்கேயே முடிந்துவிடும்.

அமெரிக்கா போகும், வரும் பயணங்களுக்கு இன்னொரு வசதி உண்டு. ஏழு நாளோ அதற்கு மேலோ முன்னதாக, நேராக விமான நிறுவனத்திடமே வாங்கியிருந்தால், 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்து முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம், அல்லது பணம் கட்டாமலே அவ்வளவு நேரம் விலையைப் பிடித்து வைக்கலாம். இரண்டில் ஒன்றை நிறுவனம் தந்தாக வேண்டும் என்பது அந்த நாட்டு விதி. ஆகவே டிக்கெட் போட்ட அன்றே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். அப்பா பெயர் எங்கே போயிருக்கிறது, இனிஷியல் விரித்து எழுதப்பட்டிருக்கிறதா என்பதில்தான் நம் ஊர்ப் பெயர்களில் தப்பு வரும். தேதியையும் பாருங்கள். சென்னையிலிருந்து மேற்கே போகும் விமானங்களில் பலவும் அதிகாலையில் கிளம்புபவை. 15-ம் தேதி காலை 3 மணி விமானம் என்றால், 14-ம் தேதி ராத்திரிச் சாப்பாட்டை முடித்த கையோடு வீட்டை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும்.