சேலத்துப் பம்பையிலிருந்து ஒரு பிரேக் எடுப்பது எப்படி

ஹிப் ஹாப் செய்ய நினைப்பவர்களில் பலர் முதலில் வரிகளை எழுதுகிறார்கள். பிறகு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு பீட்டின் மேல் பாடிப் பதிவேற்றுகிறார்கள். இந்த இசை வளர்ந்த வரிசை இதற்கு நேர் எதிரானது. முதலில் பிரேக் வந்தது, அதைச் சுற்றி ஆட்டம் வந்தது, ஆடுபவர்களை உசுப்ப மைக்கில் பேச்சு வந்தது, அந்தப் பேச்சு பாட்டானது கடைசியில்தான். அதே வரிசையில் கையால் செய்து பார்த்தால் வரலாறும் தொழிலும் சேர்ந்தே பிடிபடும். சேலத்தில் இருப்பவர்களுக்குப் பிரேக்கைத் தேடி அமெரிக்க இசைத்தட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் நின்றவர்களுக்கு அது பம்பை மேளமாக ஏற்கெனவே காதில் இருக்கிறது.

பிரேக் என்பது பாட்டில் குரலும் மற்ற வாத்தியங்களும் விலகி, தாளம் மட்டும் தனியாக நிற்கும் இடம். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையில் சிண்டி கேம்பல் ஒரு விருந்து வைத்தார். இசைத்தட்டு ஓட்டியவர் அவருடைய அண்ணன் கிளைவ், அதாவது டிஜே கூல் ஹெர்க். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து 12 வயதில் பிராங்ஸுக்கு வந்தவர். பிரேக் வரும் சில விநாடிகளுக்காகவே ஆடுபவர்கள் காத்திருப்பதை ஹெர்க் கவனித்தார். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை, தட்டு ஓட்டும் கருவியான டர்ன்டேபிள் இரண்டில் வைத்து, ஒன்றில் பிரேக் முடியும்போது மற்றதில் அதையே தொடங்கினார். சில விநாடித் தாளம் சில நிமிடங்களுக்கு நீண்டது. அந்த விருந்துகளில் கோக் லா ராக் மைக்கில் நண்பர்களின் பெயர்களையும் சின்னச் சின்ன வரிகளையும் சொல்லிக்கொண்டிருந்தார். ராப்பின் விதை அதுதான்.

முதல் பயிற்சி: இரண்டு தட்டு

டர்ன்டேபிள் வேண்டாம். ஒரு மடிக்கணினி, மிக்ஸ் (Mixxx) என்ற இலவச டிஜே மென்பொருள், கம்பியுள்ள ஹெட்ஃபோன் போதும். பிளூடூத் ஹெட்ஃபோனை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. அதில் ஒலி 100 முதல் 200 மில்லி விநாடி வரை தாமதமாக வரும். 96 பிபிஎம் வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 96 தாள அடி என்றால், ஒரு அடியின் கால் பங்கே 156 மில்லி விநாடிதான். கை சரியாக விழுந்தாலும் காதுக்குத் தப்பாகவே கேட்கும், பழகுபவர் தன் கையைச் சந்தேகிப்பார்.

தாளம் தனியாக வரும் ஒரு பாட்டை, திரையில் தெரியும் இரண்டு டெக்கிலும் (டர்ன்டேபிளுக்குப் பதில் இவை) ஏற்றுங்கள். பிரேக்கின் முதல் அடியில் இரண்டிலும் கியூ குறி, அதாவது திரும்பி வர வேண்டிய இடத்தின் அடையாளம், வையுங்கள். முதல் டெக்கை ஓட்டி, எட்டு அடி எண்ணி, ஒன்பதாவது அடி விழ வேண்டிய இடத்தில் இரண்டாவது டெக்கைத் தட்டி, ஒலியை ஒரு டெக்கிலிருந்து மற்றதுக்கு மாற்றும் கிராஸ்ஃபேடரைத் தள்ளுங்கள். இரண்டாவது ஓடும் எட்டு அடிக்குள் முதல் டெக்கைக் குறிக்குத் திருப்புங்கள். வேகத்தைத் தானாகப் பொருத்தும் சிங்க் பொத்தான், துண்டைத் தானாகத் திருப்பி ஓட்டும் ஆட்டோ லூப் இரண்டையும் அணைத்து வைத்துப் பழகுங்கள். பெரும்பாலும் நடக்கும் பிழை, எட்டாவது அடியிலேயே அவசரப்பட்டுத் தட்டிவிடுவது. வாயால் "ஒன்று" என்று சொல்லும் அதே நொடியில் விரல் விழ வேண்டும். இரண்டு நிமிடம் பிசகாமல் ஓட்ட முடிந்தால் அடுத்ததற்குப் போகலாம்.

ஹெர்க் ஊசியைக் கண்ணால் பார்த்துத்தான் வைத்தார், அதனால் அடி சில சமயம் தவறும். அதைச் சரிசெய்தவர் பார்படோஸில் பிறந்த கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். பிரேக் தொடங்கும் இடத்தைத் தட்டின் மேல் கிரேயானால் குறித்து, எத்தனை சுற்றுப் பின்னால் திருப்ப வேண்டும் என்று எண்ணினார். கணக்கு எளிது: நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. 100 பிபிஎம்மில் எட்டு அடிக்கு 4.8 விநாடி. ஆக 2⅔ சுற்று பின்னால் திருப்பினால் பிரேக்கின் தலை ஊசிக்குக் கீழே வந்து நிற்கும்.

பம்பையைப் பதிவு செய்வது

பம்பை இரட்டை வாத்தியம். மர உடல் ஒன்று, உலோக உடல் ஒன்று, இரண்டையும் சேர்த்து இடுப்பில் கட்டிக் குச்சியால் அடிப்பார்கள். கூடவே உடுக்கையும் கைச்சிலம்பும் வரும். ஹிப் ஹாப்புக்கு இது அமைந்த கூட்டு: மரத்தின் மந்தமான அடி கிக் (டிரம் செட்டின் கனமான கால் டிரம்) இருக்க வேண்டிய இடத்துக்கு, உலோகத்தின் கூர்மையான அடி ஸ்னேருக்கு (வெடிப்பாக ஒலிக்கும் டிரம்), சிலம்பின் சலங்கை ஒலி ஹை-ஹேட்டுக்கு (இணைத் தாளத்தட்டு).

ஆடித் திருவிழாவின் நடுவில் பதிவு செய்யப் போகாதீர்கள். குழாய் ஒலிபெருக்கி, பட்டாசு, கூட்டம் எல்லாம் தாளத்தோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க முடியாது. கலைஞர்களுக்கும் அது மூச்சுவிட நேரமில்லாத மாதம். ஆடி முடிந்தபின் குழுவின் வாத்தியாரை நேரில் பார்த்து, எதற்காக, எங்கே வெளியாகும், எவ்வளவு தருவீர்கள் என்பதைச் சொல்லி நாள் கேளுங்கள். சாமி அழைக்கும் அடியை வேறு இடத்தில் வாசிக்கச் சிலர் ஒப்ப மாட்டார்கள். அப்படிச் சொன்னால் அந்த அடியை விட்டுவிட்டு, ஊர்வலத்துக்கு வாசிக்கும் நடையடியைக் கேளுங்கள். சேர்வராயன் மலைக் கிராமங்களில் மலையாளிப் பழங்குடி மக்களின் வழிபாட்டுப் பாடல்களுக்கும் இதே முறைதான். அங்கே ஒருவர் சம்மதம் போதாது, ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்க வேண்டும்.

தகரக் கூரை போட்ட கிடங்கு வேண்டாம், ஒவ்வொரு அடிக்கும் கூரை கூடவே ஒலிக்கும். விசைத்தறி ஓடும் தெருவும் வேண்டாம். மரத்தடியில் திறந்த மண் தரை நல்லது. ஏற்காட்டில் பகோடா பாயின்ட் மாதிரியான விளிம்புகளில் காற்று மைக்கில் மோதித் தாழ்ந்த உறுமலாகப் பதியும். பஞ்சு உறை போட்டாலும் முழுதாக நிற்காது, எனவே வீட்டு மறைவுக்கு வந்துவிடுங்கள்.

சிறிய பதிவுக் கருவி இருந்தால் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் வடிவம். மைக்கை வாசிப்பவரிடமிருந்து 2 மீட்டர் தள்ளி, நெஞ்சு உயரத்தில், தோல் முகத்துக்கு நேராக வைக்காமல் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். மிக உரக்க வரும் அடி மைனஸ் 12 டெசிபலில் நிற்கும்படி அளவைக் குறையுங்கள். இந்த அளவைப் பார்க்கச் சும்மா தட்டிக் காட்டச் சொன்னால் ஏமாந்துபோவீர்கள். உச்சத்தில் வாசிக்கும் அடியையே அரை நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். கைபேசி மட்டும்தான் என்றால் 6 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். கைபேசி தானாகவே ஒலியை ஏற்றி இறக்கும்: பலத்த அடிக்குப் பின்னால் வரும் மெல்லிய அடிகள் அமுங்கிப்போகும். பதிவுச் செயலியில் அந்தத் தானியங்கிச் சரிசெய்தலை அணைக்க வழியிருந்தால் அணையுங்கள்.

பம்பை அடி மேலே போகப் போக வேகம் கூடும். அது அந்தக் கலையின் இயல்பு, குறையில்லை. ஆனால் திரும்பத் திரும்ப ஓடும் துண்டான லூப்புக்கு ஒரே காலம் வேண்டும். எனவே மூன்று நிமிடம் வேகம் கூட்டாமல் ஒரு முறை, அவர்கள் விருப்பப்படி ஒரு முறை, பிறகு ஒவ்வொரு அடியையும் இடைவெளி விட்டுத் தனித்தனியாக ஒரு முறை வாசிக்கச் சொல்லிப் பதியுங்கள்.

வெட்டுவது

ஆடாசிட்டி என்ற ஒலி வெட்டும் மென்பொருளில் பதிவைத் திறந்து, முப்பது விநாடிக்கு எத்தனை தாள அடி (ஒவ்வொரு குச்சியடியும் அல்ல) என்று எண்ணி இரண்டால் பெருக்கினால் பிபிஎம். 240-ஐ அந்த எண்ணால் வகுத்தால் நான்கு அடி கொண்ட ஒரு பாரின் நீளம் விநாடியில் வரும். 96 பிபிஎம் என்றால் 2.5 விநாடி, 16 பார் சரியாக 40 விநாடி. தொடக்கத்துக்கு 96 வசதியான வேகம்.

பதிவின் நடுப்பகுதியிலிருந்து இரண்டு பாரைத் தேர்ந்தெடுத்து, இசட் விசையைத் தட்டுங்கள். தேர்வின் இரு முனைகளும் அலை பூஜ்ஜியத்தைக் கடக்கும் புள்ளிக்கு நகரும். இதைச் செய்யாமல் வெட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். இன்னும் கேட்டால் கடைசி 5 மில்லி விநாடியை ஃபேட் செய்யுங்கள், அதாவது ஒலியை மெல்லக் குறையுங்கள். லூப் ஒவ்வொரு சுற்றிலும் நொண்டினால் வெட்டிய நீளம்தான் தவறு. தலையைத் தொடாமல் வாலை மட்டும் 10 மில்லி விநாடி அளவில் கூட்டிக் குறைத்துப் பாருங்கள்.

இங்கே ஒரு முக்கியமான சிக்கல் உண்டு. கோயில் அடிகளில் பல திஸ்ர நடை. ஓர் அடிக்குள் மூன்று உட்பிரிவு. பீட் அமைக்கும் மென்பொருளின் கட்டங்களோ ஓர் அடியை நான்காகப் பிரிக்கும். அந்தக் கட்டத்தில் பம்பையை இழுத்து ஒட்டினால் தாளத்தின் உயிர் போய்விடும். கட்டத்தை மூன்றாகப் பிரிக்கும் டிரிப்ளெட்டுக்கு மாற்றுங்கள், சேர்க்கும் டிரம் ஒலிகளுக்கு ஸ்விங் (இணையாக வரும் ஒலிகளில் இரண்டாவதைப் பின்தள்ளும் அளவு) 66 விழுக்காடு வையுங்கள். 50 என்றால் நேர்நடை, 66 கிட்டத்தட்டத் திஸ்ரம். ராப்பில் டிரிப்ளெட் நடை புதுமையானதும் இல்லை, 2010-களில் அட்லாண்டாவிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய நடை அதுதான்.

1987-ல் வந்த எஸ்பி-1200 என்ற கருவியில் மொத்தமே 10 விநாடி ஒலியைத்தான் சேமிக்க முடியும். தரமும் 12 பிட்தான். இடம் போதாததால் 33 தட்டை 45 வேகத்தில் ஓட்டிப் பதிந்து, கருவிக்குள் மறுபடி வேகத்தைக் குறைத்தார்கள். அந்தச் சிக்கனத்தில் பிறந்த கரடுமுரடான ஒலிதான் அந்தக் காலத்து நியூயார்க் ஒலி. அதே ஒலி வேண்டுமானால் பம்பைத் துண்டை 1.35 மடங்கு வேகமாக்கி, 26 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைத்து, பழைய வேகத்துக்கு இறக்குங்கள். உலோகப் பம்பைக்கு இது மிக நன்றாகப் பொருந்துகிறது. சிலம்புக்கு வேண்டாம், மேல் ஒலி செத்துவிடும்.

பம்பையில் ஆழமான பேஸ் கிடையாது. 1980-ல் ரோலண்ட் வெளியிட்ட டிஆர்-808 என்ற டிரம் மெஷினின் கிக் ஒலியை 50 முதல் 60 ஹெர்ட்ஸில் அடியில் சேருங்கள். சேர்த்தபின் ஒலி மெலிந்தால் இரண்டு அலைகளும் ஒன்றையொன்று வெட்டுகின்றன என்று பொருள். கிக்கின் அலையைத் தலைகீழாக்கினால் பெரும்பாலும் சரியாகும்.

வரி எழுதுவது

ஆங்கில ராப்பில் இயைபு, அதாவது ஒத்த ஓசை, வரியின் கடைசியில், பெரும்பாலும் நான்காவது அடியின் ஸ்னேரில் விழும். தமிழில் அதை அப்படியே செய்தால் வந்தான், போனான், நின்றான் என்று வினைமுற்றுகள் வரிசையாக நிற்கும். கேட்பவருக்கு அடுத்த சொல் முன்கூட்டியே தெரிந்துவிடும். நமக்கு இரண்டாம் எழுத்து எதுகையும் முதல் எழுத்து மோனையும் இருக்கின்றன. எதுகையை முதல் அடியிலும், மோனையை மூன்றாவது அடிக்குப் பக்கத்திலும் விழ வையுங்கள். வரியிறுதி இயைபை இரண்டு வரிக்கு ஒரு முறை வைத்தால் போதும்.

தறிச்சத்தம் தாலாட்டு, தாதகாப்பட்டித் தெரு
வெறிச்சோடிப் போனாக்க வேகாது எங்க சோறு
பறிச்சாலும் கூலிய, பாட்டை எவன் பறிப்பான்
குறிச்ச என் வரிய கோடு போட்டெவன் அழிப்பான்

நீளத்தை அளக்கத் தமிழில் எளிய வழி இருக்கிறது: புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மற்றவற்றை எண்ணுங்கள். மேலே முதல் மூன்று வரியும் 14, கடைசி 15. நேர்நடையில் ஒரு பாருக்கு 16 இடம், ஆக மூச்சுக்கு ஒன்றிரண்டு மிஞ்சும். 16-ஐத் தாண்டினால் நாக்கு சிக்கும். திஸ்ர நடைப் பம்பைக்கு 12 இடம்தான், அங்கே 10 எழுத்துக்கு மேல் போகாதீர்கள். மேற்கண்ட வரிகள் அதில் உட்காராது, வேறு எழுத வேண்டும்.

யாருக்கு எவ்வளவு

இதுதான் பலரும் தாண்டிப்போகும் இடம். ஹிப் ஹாப்பில் மிக அதிகமாக வெட்டி எடுக்கப்பட்ட தாளங்களில் ஒன்று, தி வின்ஸ்டன்ஸ் குழுவின் 1969-ம் ஆண்டு இசைத்தட்டில் கிரிகரி கோல்மன் வாசித்த நான்கு பார், சுமார் 7 விநாடி. அதன்மேல் ஆயிரக்கணக்கான பாடல்கள் எழுந்தன. கோல்மனுக்கு அதிலிருந்து எதுவும் வரவில்லை, 2006-ல் வறுமையில் இறந்தார். குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015-ல் ரசிகர்கள் திரட்டிக் கொடுத்தது சுமார் 24,000 பவுண்டு. பம்பைக் கலைஞருக்கு இது நடக்கக் கூடாது.

எனவே பதிவு நாளின் கூலியை அன்றே கையில் கொடுங்கள். அது வாசித்ததற்கான கூலி மட்டும். பாட்டு சம்பாதித்தால் அவருக்கு என்ன பங்கு என்பதைத் தனியாகத் தமிழில் ஒரு தாளில் எழுதி, படித்துக் காட்டி, இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பாடல் விவரத்தில் ராப் பாடியவர் பெயருக்குப் பக்கத்திலேயே பம்பை வாசித்தவர் பெயர் வர வேண்டும்.

பழைய சினிமா இசைத்தட்டில் பிரேக் தேடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ இருந்த ஊரில் அந்த ஆசை வருவது இயல்பு. சில விநாடி எடுத்தால் தப்பில்லை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இந்தியாவில் ஒலிப்பதிவு உரிமை வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. இசையமைப்பாளர், பாடலாசிரியர் உரிமை அவர்கள் இறந்தபின் 60 ஆண்டு. ஒலிப்பதிவின் காலம் முடிந்திருந்தாலும் மெட்டின் உரிமை உயிரோடு இருக்கலாம்.

வெளியே ஓட்டுவது

ஆறு முதல் பத்துப் பேர் வட்டமாக நின்று, ஒருவருக்கு 8 பார் வீதம் பாடுவது சைஃபர். ஒருவர் பாடும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது, ஆனால் வரி முடிவில் சொல்லை எடுத்துக் கொடுக்கலாம். ஆடுபவர்களுக்குக் குளிர்பதனப் பெட்டி வந்த அட்டையைப் பிரித்து விரித்தால் போதும், பிராங்ஸிலும் அட்டைதான் விரித்தார்கள். பொது இடத்தில் ஒலிபெருக்கி வைக்க முன்அனுமதி வாங்குங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. ஏற்காட்டில் என்றால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும், பனியும் இறங்கும், ஆகவே மாலை 4 மணிக்குத் தொடங்கி வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். பம்பைக் குழு நேரில் வருவதாக இருந்தால் லூப்பை நிறுத்திவிட்டு அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள். அவர்கள் வேகம் கூட்டினால் நீங்களும் கூட்டிப் பாட வேண்டியதுதான்.