ஏடிஹெச்டி குழந்தையோட அப்பா அம்மாவுக்கு ஒரு குரூப்: தேடுறது எப்படி, நடத்துறது எப்படி

ஏடிஹெச்டின்னா குழந்தைக்கு கவனம் ஒரு இடத்துல நிக்காம, துறுதுறுன்னு, யோசிக்காம சட்டுன்னு எதையாவது செஞ்சிடுற பிரச்சினை. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், பேரன்ட் ட்ரெயினிங் வேற, சப்போர்ட் குரூப் வேற. நிறைய பேர் ரெண்டையும் போட்டு குழப்பிக்கிறாங்க. ட்ரெயினிங்னா தெரபிஸ்ட் ஒருத்தர் சில வாரம் நம்மள உக்காரவெச்சு எதை பாராட்டணும், எதை கண்டுக்காம விடணும்னு சொல்லிக்குடுக்குறது. நாலு அஞ்சு வயசு பசங்களுக்கு மருந்துக்கு முன்னாடி இதைத்தான் குடுக்கணும்னு அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் அகாடமி 2019ல சொல்லியிருக்கு, பிரிட்டன்ல சிகிச்சை வழிகாட்டுதல் குடுக்குற நைஸ் (NICE) அமைப்போட 2018 வழிகாட்டுதலும் அஞ்சு வயசுக்கு கீழன்னா முதல் சிகிச்சையே பெத்தவங்களுக்கான ட்ரெயினிங்தான்னு சொல்லுது. அதனால டாக்டர்கிட்ட அதை முதல்ல கேட்டுடுங்க. அங்க கத்துக்கிட்டதெல்லாம் வீட்ல ஒருநாள் காலைல மொத்தமா சொதப்பும்ல, அப்போ யார்கிட்ட புலம்புறது? அதுக்குத்தான் குரூப்.

தேடணும்னா டாக்டர், தெரபிஸ்ட், ஸ்கூல் கவுன்சலர் மூணு பேர்கிட்டயும் கேளுங்க. தெரபி சென்டர் வெயிட்டிங் ரூம்ல பக்கத்து சீட்டுல போனை வெறிச்சு பாத்துட்டு இருக்காங்களே, அவங்களும் இதையேதான் தேடிட்டு இருப்பாங்க, பேச்சு குடுத்து பாருங்க. அமெரிக்காவுல சாட் (CHADD)னு ஒரு அமைப்பு, தனியா தவிச்ச பெத்தவங்களுக்காகவே 1987ல ஆரம்பிச்சது, ஆன்லைன்லயும் நிறைய விஷயம் வெச்சிருக்காங்க.

எந்த குரூப்பா இருந்தாலும் ரெண்டு மீட்டிங் உக்காந்து பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. யாராவது பவுடர், டயட் பேக்கேஜ்னு விக்க ஆரம்பிச்சா கிளம்பிடுங்க. மருந்து குடுக்குறவங்கள குத்தவாளி மாதிரி பாக்குறதும், குடுக்காதவங்கள திட்டுறதும் நடந்தா அங்கயும் இருக்காதீங்க. இன்னொண்ணு, டீன்ஏஜ் பசங்களோட அப்பா அம்மாதான் நிறைய இருக்காங்கன்னா அவங்க பேசுறது உங்களுக்கு பயத்தைத்தான் குடுக்கும், உங்க குழந்தைக்கு அஞ்சு வயசுதான் ஆகுதுன்னா.

எதுவும் கிடைக்கலயா, நீங்களே ஆரம்பிங்க, பெரிய விஷயமெல்லாம் இல்ல. நாலஞ்சு குடும்பம் போதும், ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை, ஒரு மணி நேரம், ஒரே நாள் ஒரே டைம். ஆளுக்கு எட்டு நிமிஷம்னு டைமர் வெச்சுடுங்க, இல்லன்னா ஒருத்தரே மொத்தத்தையும் பேசிட்டு போயிடுவாங்க (முதல் மாசம் எங்க குரூப்ல அந்த ஒருத்தர் நான்தான்). ஏடிஹெச்டி குடும்பத்துல வழிவழியா வர்றது ரொம்ப சகஜம், அதனால வர்ற அப்பா அம்மாவுலயே சிலருக்கு இது இருக்கும், மீட்டிங்க மறந்துட்டாங்கன்னு கோச்சுக்காம முந்தின நாள் ஒரு மெசேஜ், அரை மணி முன்னாடி ஒரு மெசேஜ் போட்டுடுங்க. வீட்ல பேச இடமில்லாம நிறுத்தி வெச்ச கார்ல உக்காந்து வீடியோ கால்ல வர்ற அப்பாக்களும் உண்டு, கேமராவ ஆன் பண்ணுங்கன்னு வற்புறுத்தாதீங்க.

ரூல்ஸ் மூணே மூணு. இங்க பேசுனது வெளிய போகக்கூடாது. குழந்தையோட பேர், ஸ்கூல் பேர், ரிப்போர்ட், அழுவுற வீடியோ எதுவும் வாட்ஸ்அப்ல வரக்கூடாது, நாளைக்கு பெரியவங்களாகுற பசங்க அதுங்க. மருந்தோட டோஸ் பத்தி நாம அட்வைஸ் பண்ணக்கூடாது, அது டாக்டர் வேலை. அப்புறம் ஒருத்தர் ராத்திரி தூக்கமே இல்ல, குழந்தைய அடிச்சிடுவேனோன்னு பயமா இருக்குன்னு சொன்னா குரூப்ல ஆறுதல் சொல்லி முடிச்சிடாதீங்க, அன்னைக்கே டாக்டர்கிட்டயோ கவுன்சலர்கிட்டயோ பேச வைங்க, கூட போக முடிஞ்சா போங்க.

மீட்டிங் முடியும்போது ஆளுக்கு ஒரே ஒரு விஷயம், அடுத்த மீட்டிங்குக்குள்ள வீட்ல ட்ரை பண்ணி பாக்க. ஒரு அம்மா வந்து காலைல ஷூ போட வெக்குறதுக்குள்ள உயிரே போகுதுன்னு அழுதாங்க. இன்னொரு அம்மா கேட்டாங்க, ஒரே மூச்சுல எத்தனை விஷயம் சொல்றீங்கன்னு. யோசிச்சு பாத்தா ஷூ போடு, பேக் எடு, தண்ணி பாட்டில் எடு, சீக்கிரம் வா, நாலு, அதுவும் அடுத்த ரூம்ல இருந்து. சரி, பக்கத்துல போய் தோள்ல கை வெச்சு ஷூ மட்டும் சொல்லி பாருங்க, போட்ட உடனே பாராட்டுங்க, அப்புறம் அடுத்ததுன்னு சொல்லி அனுப்பினோம். அடுத்த மீட்டிங்க எப்பவுமே "போன தடவை சொன்னது என்னாச்சு"லதான் ஆரம்பிப்போம். அவங்க சிரிச்சுட்டே சொன்னாங்க, ஷூ போட்டுடுறான், பேக்தான் இன்னும் வீட்லயே கிடக்குது.