நாய்க்குக் கண் சரியாகத் தெரிகிறதா? வீட்டிலேயே பார்க்கலாம்

நாய்க்குப் பார்வை குறைவதை நாம் பெரும்பாலும் தாமதமாகத்தான் கவனிக்கிறோம், ஏனென்றால் மோப்பமும் காதும் ஞாபகமும் இருக்கிற வரை அது பழகிய வீட்டுக்குள் எதிலும் இடிக்காமல் சமாளித்துவிடும். அதனால் ஒரு நாற்காலியை அது நடக்கிற வழியில் நகர்த்திப் போடுங்கள். இடித்துக்கொண்டால் சந்தேகப்படலாம். அப்புறம் பஞ்சு சோதனை: ஒரு பஞ்சு உருண்டையை அதன் முகத்துக்குக் கொஞ்சம் தள்ளி மேலிருந்து விடுங்கள், விழும் சத்தம் கேட்காது, கண்ணால் பின்தொடர்கிறதா என்று பாருங்கள். (சில நாய்கள் சும்மாவே கண்டுகொள்ளாது, ஒரே தடவையில் பயந்துவிடாதீர்கள்.) முகத்துக்கு நேராகக் கையை வீசிப் பார்ப்பது வேண்டாம், காற்று பட்டாலே கண் சிமிட்டி நம்மை ஏமாற்றிவிடும்.

பகலில் சரியாக இருக்கிற நாய் மங்கலான வெளிச்சத்தில் மட்டும் படி இறங்கத் தயங்கி, ஒரு காலை நீட்டித் தடவிப் பார்த்து நின்றால் விழித்திரைக் கோளாறாக இருக்கலாம். வயதான நாயின் கண்ணில் தெரியும் இலேசான நீலப் புகை பெரும்பாலும் வயதின் மாற்றம்தான், பார்வையை அதிகம் கெடுக்காது. பால் போல வெளுத்தால் கண்புரையாக இருக்கலாம், சர்க்கரை நோயும் அதற்கு ஒரு காரணம். கண் சிவந்து, வலியில் இடுக்கிக்கொண்டால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போங்கள், அது கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிற கண் அழுத்த நோயாக இருக்கலாம், நாளைக்கு வரை காத்திருக்காது.