குடியும் மனநோயும் ஒரே ஆளிடம்: வடசென்னைப் புறநோயாளர் பிரிவில் பணிபுரிவோருக்கு

காசிமேட்டிலிருந்து ஒருவரைக் குடிநோய் மீட்பு மையத்துக்கு அழைத்துப் போனால், காதில் குரல் கேட்கிறது என்கிறாரே, மனநலப் பிரிவில் காட்டுங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். மனநலப் பிரிவுக்குப் போனால், முதலில் குடியை நிறுத்திவிட்டு வரச் சொல்வார்கள். இந்த அலைச்சலில் இரண்டு நாள் கூலி போய்விடும். மூன்றாவது நாள் அவர் எங்கும் போகமாட்டார். ஆகவே, அவர் எந்த வாசல் வழியாக வந்தாலும், இரண்டு நோய்களுக்கும் அங்கேயே, அதே குழுவே, அன்றைக்கே சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கடைசியாகக் குடித்தது எப்போது என்பது. நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் 6 மணி நேரத்திலிருந்து கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மனக்குழப்பத்தோடு கூடிய பிதற்றல் நிலை வரலாம். இந்தக் கடைசி நிலையை மனச்சிதைவு என்று எண்ணி ஏமாறுவது எளிது, நானே ஏமாந்திருக்கிறேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த மீனவர் ஒருவர், இல்லாத நூலை இல்லாத ஊசியில் கோத்து, பல்லால் கடித்து அறுத்து, மடியில் கிடப்பதாக அவர் நினைத்த வலையைச் சீராகப் பின்னிக்கொண்டிருந்தார். "பேய் பிடிச்சிருக்கு சார்" என்றார் மனைவி. மனநோய்க்கான ஊசியை மட்டும் போடச் சொன்னேன். இரவில் அவருக்கு வலிப்பு வந்தது. நாடித்துடிப்பையும் உடல் வெப்பத்தையும் பார்த்து, இன்று என்ன கிழமை என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் புரிந்திருக்கும். பொதுவாக மனச்சிதைவு உள்ளவருக்குக் குரல் கேட்டாலும் நாளும் இடமும் தெரியும். பிதற்றல் நிலையில் இருப்பவருக்கு அவையே குழம்பியிருக்கும், நேரத்துக்கு நேரம் மாறும். இவருக்குத் தேவை நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் டயசிபம் வகை மருந்து, கல்லீரல் கெட்டிருந்தால் அதே வகையில் லோராசிபம், அத்துடன் தையமின் (வைட்டமின் பி1) ஊசி. தையமின் போடாமல் குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றுவது மூளையைப் பாதிக்கக்கூடும். இத்தகையவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. பொது மருத்துவமும் மனநலப் பிரிவும் ஒரே வளாகத்தில் உள்ள ஸ்டான்லி போன்ற மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

உடல் நிலைப்பட்ட பிறகுதான் எது முந்தி வந்தது என்ற விசாரணை. நேராகக் கேட்டால் யாருக்கும் ஆண்டு நினைவிருக்காது. நான் ஓ.பி. சீட்டின் பின்பக்கம் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கத்து மக்கள் மறக்காத நாட்களை அதில் குறித்துவிடுவேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஐயப்பனுக்கு மாலை போட்ட 48 நாட்கள். 2020 ஊரடங்கில் சென்னையில் டாஸ்மாக் கடைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்த காலம். இவற்றில் குடிக்காமல் இருந்த நாட்களில் குரல் கேட்டதா, தூக்கம் எப்படி, சந்தேகம் குறைந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். "மால போட்டப்பகூட கேட்டுச்சு சார், சாமிதான் பேசுதுன்னு நெனச்சேன்" என்று ஐஸ் பெட்டி தூக்கும் ஒருவர் சொன்ன அந்த ஒரு வரி, பல பக்கக் கேள்வித்தாள் தராத விடையைத் தந்தது. ஊரடங்கைப் பற்றிக் கேட்கும்போது, வெளி மாவட்டத்திலிருந்து சரக்கு வந்ததா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கடை மூடியிருந்ததால் குடிக்கவில்லை என்று நாமாக முடிவு செய்ய முடியாது.

போதையை நிறுத்தி ஏறத்தாழ ஒரு மாதம் ஆன பிறகும் குரலும் சந்தேகமும் நீடித்தால், அது தனி மனநோயாக இருக்கும் வாய்ப்பு அதிகம். மனச்சோர்வு பலருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானாகவே தணியும். இந்தக் கணக்கு நோய்க்குப் பெயர் வைப்பதற்கு மட்டுமே உதவும். சாக வேண்டும் என்கிறவரையும், குரல் சொல்வதைச் செய்யக் கிளம்புகிறவரையும் ஒரு மாதம் காத்திருக்கச் சொல்வது சிகிச்சை ஆகாது.

எவ்வளவு என்பதை அவர்களுடைய அளவிலேயே கேட்க வேண்டும். ஒரு குவார்ட்டரில் ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 'கட்டிங் (அரை குவார்ட்டர்) மட்டும்தான் சார்' என்பவரிடம், ஒரு நாளைக்கு எத்தனை கட்டிங் என்று அடுத்த கேள்வி வர வேண்டும். கஞ்சா, ஹான்ஸ், பீடி ஆகியவற்றையும் தனித்தனியே கேளுங்கள். இளைஞர்களிடம் அபின் வகை வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் உண்டா என்று முகம் சுளிக்காமல் கேட்டு, உண்டெனில் எச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் பி, சி பரிசோதனைகளுக்கும் எழுத வேண்டும்.

மருந்தில் தவறு நேரும் இடங்கள் சில உண்டு. குடித்தால் உடலுக்கு ஒவ்வாமல் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையைக் குழம்பில் கலந்து கொடுக்கலாமா என்று வீட்டார் கேட்பார்கள். அவருக்குத் தெரியாமல் கொடுத்து அவர் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து, மனச்சிதைவு உள்ளவருக்கு அந்த மாத்திரையே நோயைக் கிளப்பக்கூடும். குடி வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் தொடங்கும் முன் அபின் வகை வலி மாத்திரைப் பழக்கம் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். மனச்சிதைவுக்குக் குளோசபின் எடுப்பவர் பீடியை விட்டால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். பீடியை விட்டதைப் பாராட்டுவதோடு அளவையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும். இருதுருவ மனநோய்க்கு லித்தியம் எடுப்பவர் குடித்து வாந்தியெடுத்து, வெயிலில் மூட்டையும் தூக்கினால் மருந்து நஞ்சாகும். எல்லாவற்றையும்விட அடிக்கடி நடப்பது வேறு: சரக்கு அடித்த நாளில் மாத்திரை போடக் கூடாது என்ற நம்பிக்கையில் வாரத்துக்கு நான்கு நாள் மனநோய் மருந்தையே விட்டுவிடுகிறார்கள். குடித்த நாளிலும் விடக்கூடாத மாத்திரை எது, அன்று தொடவே கூடாத தூக்க மாத்திரை எது என்பதைச் சீட்டில் தனித்தனியாக எழுதி, மனைவியையோ தாயையோ அருகில் வைத்துக்கொண்டு வாசித்துக் காட்டுங்கள். தூக்க மாத்திரையை ஒரு வாரத்துக்கு மேல் மொத்தமாகக் கொடுக்காதீர்கள்.

பேச்சில் அறிவுரை பயன் தராது, அதை அவர் வீட்டிலேயே தினமும் கேட்கிறார். குடித்தால் எது குறைகிறது என்று கேளுங்கள். குரல் அடங்குகிறது, தூக்கம் வருகிறது என்பார். அந்தத் தூக்கத்தை வேறு வழியில் தர முடிந்தால் குடியைக் குறைப்பது பற்றிப் பேச இடம் கிடைக்கும். மறுபடி குடித்துவிட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். அவர் வந்தார் என்பதே சிகிச்சை அறுந்துவிடவில்லை என்பதற்கு அடையாளம்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைப் பழக்கத்தோடு வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. எனவே மறுவாழ்வு மையம் என்ற பெயரில் பூட்டி வைப்பதற்கும் அடிப்பதற்கும் சட்டத்தில் இடமில்லை; தனியார் மையத்துக்கு அனுப்புமுன் அதன் பதிவைப் பாருங்கள். இரவில் நெருக்கடி என்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416, போதை மீட்பு உதவிக்கு 14446 என்ற எண்களைச் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.

முதல் மாதம் வாரம் ஒருமுறை, பிறகு இரு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொல்லலாம். இவர்களில் ஐயப்ப பக்தர்களின் பெயர்களை மட்டும் நான் தனியே குறித்து வைத்திருக்கிறேன். கார்த்திகை முதல் நாள் மாலை போட்டு, அன்றே குடியை ஒரேயடியாக விடுபவர்கள் அவர்கள். வலிப்போடு அவசரப் பிரிவுக்கு வரவும் வாய்ப்புள்ளவர்கள். ஐப்பசி பாதியிலேயே அவர்களைக் கூப்பிட்டு, மருந்தின் துணையோடு எப்படி நிறுத்துவது என்று பேசி, தையமினும் தொடங்கிவிட வேண்டும்.