செர்ன் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெனீவாவுக்கு அருகே, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் ஆகிய இரு நாடுகளின் எல்லையிலும் பரந்திருக்கும் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தைப் பற்றிய கட்டுரைகளிலும் செய்திகளிலும் திரும்பத் திரும்பத் தென்படும் பிழைகளில் பெரும்பாலானவை ஒரே குழப்பத்திலிருந்து பிறக்கின்றன. ஆய்வகம் வேறு, அங்கே ஆய்வு நடத்தும் பன்னாட்டுக் கூட்டாய்வுக் குழுக்கள் வேறு என்பதை எழுதுவோர் பிரித்துப் பார்ப்பதில்லை.

“செர்ன் விஞ்ஞானிகள் ஹிக்ஸ் போசானைக் கண்டுபிடித்தார்கள்” என்ற வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். ஹிக்ஸ் போசான் என்பது, அடிப்படைத் துகள்கள் நிறை பெறுவதை விளக்கும் கோட்பாடு முன்கூட்டியே கணித்திருந்த துகள். 2012 ஜூலை 4 அன்று அந்தப் புதிய துகளை அறிவித்தவை அட்லஸ், சிஎம்எஸ் என்னும் இரு குழுக்கள். இவை ஒவ்வொன்றிலும் பல நாடுகளின் பல்கலைக்கழகங்களையும் ஆய்வு நிறுவனங்களையும் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் பணிபுரிகிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சம்பளம் தருவது செர்ன் அன்று, அவரவருடைய சொந்த நிறுவனம். செர்னின் நேரடிப் பணியாளர்களில் பொறியாளர்களும் தொழில்நுட்ப வல்லுநர்களுமே மிகுதி. துகள்களை மிக வேகமாக ஓடவைக்கும் முடுக்கிகளைக் கட்டுவதும் இயக்குவதும், பெரும் ஹாட்ரான் மோதுவி எனப்படும் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் புரோட்டான்களை மோதவைத்துத் தருவதும் ஆய்வகத்தின் பொறுப்பு. மோதலில் சிதறுவதைப் பதிவு செய்யும் உணர்கருவிகளை வடிவமைத்துக் கட்டுவதும், தரவுகளை ஆராய்ந்து முடிவு சொல்வதும் குழுக்களின் பொறுப்பு. குழுவின் தலைவராகச் செயல்படும் தலைமைப் பேச்சாளரைக்கூட ஆய்வகம் நியமிப்பதில்லை, குழுவே தேர்ந்தெடுக்கிறது. செர்னும் ஓர் உறுப்பு நிறுவனமாக இந்தக் குழுக்களில் இடம்பெறுகிறது என்பது உண்மைதான். ஆனால் பல நிறுவனங்களுள் ஒன்றாக மட்டுமே.

அட்லஸும் சிஎம்எஸும் ஒரே வேலையை இரு முறை செய்கின்றன என்று கருதி, அதை வீண்செலவு என்று எழுதுவோரும் உண்டு. இரண்டின் காந்த அமைப்பும் உணர்கருவி நுட்பமும் வேண்டுமென்றே வேறுபடுத்தி அமைக்கப்பட்டவை. ஒன்றில் நேர்ந்த கருவிப் பிழை மற்றொன்றிலும் அதேபோல் நேர வாய்ப்பில்லை என்பதுதான் இந்த ஏற்பாட்டின் பலம். ஆகவே ஒரு குழு மட்டும் கண்ட முடிவை எழுதும்போது அதை மற்றது உறுதி செய்ததா என்று பார்க்காமல் எழுதுவது பெருந்தவறு.

பணத்தைப் பற்றிய தவறு இன்னும் பரவலானது. “இன்ன நாடு இத்தனை கோடி கொடுத்தது” என்று எழுதினால் நிதி முழுவதும் ரொக்கமாக ஜெனீவாவுக்குப் போய்ச் சேர்வதாகப் பொருள்படும். உறுப்பு நாடுகள் தத்தம் தேசிய வருமானத்தின் அடிப்படையில் ஆண்டுப் பங்கு செலுத்துவது உண்மை. அது ஆய்வகத்தை நடத்துவதற்கானது. உணர்கருவிகளின் செலவில் பெரும்பகுதியோ புரிந்துணர்வு ஒப்பந்தங்களின் வழியே பொருளாகவும் உழைப்பாகவும் வருகிறது. முடுக்கியிலும் இத்தகைய பங்களிப்பு உண்டு. மோதல் புள்ளிகளின் இருபுறமும் புரோட்டான் கற்றையைக் குவிக்கும் காந்தங்களை அமெரிக்காவின் ஃபெர்மிலேபும் ஜப்பானின் கேஇகே ஆய்வகமும் உருவாக்கின. வளையத்தின் காந்தங்களைத் தாங்கி, மிகத் துல்லியமாக நிலைநிறுத்தும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஜாக்கிகளை இந்தியா வழங்கியது. சிஎம்எஸ் உணர்கருவியின் ஒரு பகுதிக்கான பித்தளை ரஷ்யக் கடற்படையின் பழைய குண்டுறைகளை உருக்கிப் பெறப்பட்டது. இராணுவத் தேவைகளுக்கான பணியில் ஈடுபடக் கூடாது என்று தன்னை நிறுவிய ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்திருக்கும் ஓர் அமைப்புக்கு இது பொருத்தமான வரவுதான்.

பங்களிப்பு ஒரே திசையில்தான் பாயும் என்று எண்ணுவதும் சரியன்று. அமெரிக்காவில் ஃபெர்மிலேபிலிருந்து 1,300 கிலோமீட்டர் தொலைவுக்கு நியூட்ரினோக்கள் என்னும் மின்னூட்டமற்ற நுண்துகள்களை அனுப்பி ஆராயவிருக்கும் டியூன் திட்டத்துக்கு, திரவ ஆர்கானை வைத்திருக்கும் பெருங்கலனைச் செர்ன் அளிக்கிறது. அதற்கான முன்மாதிரி உணர்கருவிகள் செர்ன் வளாகத்திலேயே சோதிக்கப்பட்டன.

உறுப்பு நாடாக இருப்பதும் ஆய்வில் பங்கேற்பதும் வெவ்வேறு. அமெரிக்கா உறுப்பு நாடு அன்று. ஆனால் செர்னைப் பயன்படுத்தும் ஆய்வாளர்களில் அமெரிக்க நிறுவனங்களைச் சேர்ந்தோர் மிகப் பெரிய குழுக்களில் ஒன்றாக இருக்கிறார்கள். இந்தியா 2017 முதல் இணை உறுப்பு நாடு. அதை முழு உறுப்பு நாடு என்று எழுதிவிடுகிறோம், அல்லது அதற்கு முன் இந்தியாவுக்குத் தொடர்பே இல்லை என்பதுபோல் எழுதுகிறோம். இரண்டும் தவறு. இணை உறுப்பு நாட்டுக்குச் செர்னின் ஆளும் அமைப்பான மன்றத்தில் வாக்குரிமை இல்லை. மறுபுறம், இந்திய நிறுவனங்கள் அலிஸ், சிஎம்எஸ் ஆகிய சோதனைகளில் இணை உறுப்பு நிலை வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே பணியாற்றி வந்திருக்கின்றன.

முடிவுகளை அறிவிக்கும் இடத்தையும் முடிவின் உரிமையாளரையும் குழப்பிக்கொண்டதற்கு 2011 செப்டம்பரில் நடந்தது நல்ல எடுத்துக்காட்டு. செர்னிலிருந்து புறப்பட்ட நியூட்ரினோக்கள் 730 கிலோமீட்டர் தொலைவில், இத்தாலியின் கிரான் சாசோ நிலத்தடி ஆய்வகத்தை ஒளியைவிட ஏறத்தாழ 60 நானோ நொடி முந்தி அடைந்ததாக ஓபரா குழு தெரிவித்தது. அளவிட்டது அந்தக் குழு. கற்றையை அனுப்பியதும் கருத்தரங்குக்கு இடம் தந்ததும் செர்ன். ஆனால் உலகெங்கும் அது “செர்னின் கண்டுபிடிப்பு” ஆகிவிட்டது. குழுவோ தன் அளவீட்டைப் பிறர் சரிபார்க்க வேண்டும் என்றுதான் கேட்டிருந்தது. சரியாகப் பொருந்தாத ஓர் ஒளியிழை இணைப்பு நேர அளவீட்டைப் பாதித்திருந்தது பின்னர் தெரியவந்தது. 2012இல் கிரான் சாசோவின் நான்கு சோதனைகளும் நியூட்ரினோவின் வேகம் ஒளியின் வேகத்தோடு ஒத்துப்போவதாகவே கண்டன. சரிபார்க்கக் கோருவதையும் கண்டுபிடிப்பை அறிவிப்பதையும் ஒன்றாகக் கருதியதுதான் செய்தியாளர்கள் செய்த பிழை. இரு குழுக்கள் ஒரே குறியைக் கண்டாலும் பொறுத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: 2015 டிசம்பரில் 750 ஜிஇவி (துகள்களின் ஆற்றலையும் நிறையையும் குறிக்கும் அலகு) அளவில் அட்லஸும் சிஎம்எஸும் தம் தரவு வரைபடத்தில் கண்ட சிறு மேடு, நூற்றுக்கணக்கான கோட்பாட்டுக் கட்டுரைகளைத் தூண்டிவிட்டு, அடுத்த ஆகஸ்டுக்குள் கூடுதல் தரவில் கரைந்துபோனது.

ஆசிரியர் பட்டியலில் முதலில் நிற்பவரை ஆய்வின் தலைவராக அறிமுகப்படுத்துவதும் கூடாது. இக்குழுக்களின் கட்டுரைகளில் பெயர்கள் பொதுவாக அகர வரிசையில் அமைகின்றன. அட்லஸும் சிஎம்எஸும் இணைந்து ஹிக்ஸ் போசானின் நிறையை அளந்து 2015இல் வெளியிட்ட கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கங்களில் 24 பக்கங்கள் ஆசிரியர்களுக்கும் நிறுவனங்களுக்கும் உரியவை.

இந்த ஒத்துழைப்பு அரசியலுக்கு அப்பாற்பட்டது என்ற இனிய வாசகத்தையும் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். உக்ரைன் மீதான படையெடுப்புக்குப் பின் 2022இல் ரஷ்யாவின் பார்வையாளர் நிலை நிறுத்திவைக்கப்பட்டது; அந்நாட்டுடனான ஒத்துழைப்பு ஒப்பந்தம் 2024 நவம்பர் 30 அன்று காலாவதியாக விடப்பட்டது. அதற்காக ரஷ்யர்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள் என்று எழுதுவதும் பிழையே. முடிவு நிறுவனங்களைப் பற்றியது. வேறு நாட்டு நிறுவனங்களில் பணிபுரியும் ரஷ்யர்களை அது கட்டுப்படுத்தவில்லை. ரஷ்யாவின் துப்னா நகரிலுள்ள பன்னாட்டு அணு ஆய்வு நிறுவனத்துடனான ஒப்பந்தமும் தொடர்ந்தது. இதற்கிடையே, ரஷ்ய நிறுவனங்களின் பெயரை எப்படிக் குறிப்பிடுவது என்பதில் குழுக்களுக்குள் உடன்பாடு எட்டாததால், மோதுவியின் சோதனைகள் எழுதிய கட்டுரைகள் இதழ்களில் வெளிவருவது பல மாதங்கள் தடைப்பட்டிருந்தது. அதைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்ததும் குழுக்கள்தான். செர்னின் தலைமை இயக்குநர் ஆணையிட்டு முடித்துவைக்கக்கூடிய விவகாரமாக அது இருக்கவில்லை.