கணவாய்க்கு முந்தைய இரவு

மலைக் கணவாய்க்கு நடக்கப் போவதாக யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "கடைசி முகாமிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பப் போகிறீர்கள்?" என்பதைத்தான். ஷூ, பை, ஜாக்கெட் எல்லாம் அப்புறம். ஆறு நாள் நடையில் கணவாய் வருவது ஒரே ஒரு காலையில். மற்ற நாட்கள் முழுக்க அந்தக் காலைக்கான ஏற்பாடு.

காரணம் பனி. இரவில் உறைந்த பனி விடியும்போது தரை மாதிரி கெட்டியாக இருக்கும். வெயில் ஏற ஏற இளகும். முதல் முறை நாங்கள் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு எட்டரைக்குக் கிளம்பினோம். பதினோரு மணிக்குத் தொடை வரை புதைந்தோம். ஒரு காலை உருவி முன்னால் வைத்தால் மற்றது உள்ளே போகும். கண்ணுக்கெதிரே தெரிந்த மேட்டை எட்ட இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குள் மேகம் இறங்கி வழி மறைந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் விடியலுக்கு முன்பே நடக்கத் தொடங்கிவிடுகிறேன். கெட்டிப் பனி வழுக்கும் என்பதால் ஷூவில் மாட்டும் முள் சங்கிலி கட்டாயம் வேண்டும்.

நாட்களைக் கணவாயிலிருந்து பின்னோக்கி எண்ணித் திட்டமிடுங்கள். 3,000 மீட்டருக்கு மேலே போய்விட்டால், இரவு தூங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே உயரத்தில் கூடுதலாக ஓர் இரவு. பகலில் இன்னும் மேலே ஏறிவிட்டு இறங்கி வந்து தூங்கலாம், அது நல்லதும்கூட. நேபாளத்தில் 5,416 மீட்டரில் இருக்கும் தோரோங் லா கணவாயைக் கடப்பவர்கள் வழியில் மனாங் கிராமத்தில் ஒரு நாள் அதிகம் தங்குவது, உடம்பு உயரத்துக்குப் பழகத்தான். அவ்வளவு உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான்.

உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் தலை வலிக்கும். அந்தத் தலைவலியை மறைக்காதீர்கள், கூட வருபவரையும் மறைக்க விடாதீர்கள். சந்தேகம் வந்தால் நான் அவரைத் தரையில் ஒரு கோடு கிழித்து, குதிகாலை மற்ற காலின் விரல் நுனியில் ஒட்டி வைத்து நடக்கச் சொல்வேன். தள்ளாடினால், அல்லது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், பேச்சே இல்லை, உடனே கீழே இறங்க வேண்டும். இருட்டாக இருந்தாலும் சரி. தனியாக மட்டும் அனுப்பக்கூடாது.

பனியாறு உருகி வரும் ஓடைகளும் இதே கணக்குதான். காலையில் முழங்கால் அளவு இருப்பது மாலையில் இடுப்புக்கு வந்துவிடும். கடக்கும்போது பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிட்டு எழ முடியும்.

பையைப் பற்றி நிறையச் சொல்ல மாட்டேன். மாற்று உடையைக் குறைத்து, கனமான உல்லன் சாக்ஸை ஒரு ஜோடி கூட்டுங்கள். 4,500 மீட்டரில் தண்ணீர் 85 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அதனால் நெடுநேரம் வேக வேண்டிய எதையும் சுமக்காதீர்கள், கேஸ்தான் தீரும். குதிகாலில் லேசாகச் சூடு தெரிந்த அந்த நிமிடமே நின்று, ஷூவைக் கழற்றி, தோலைத் துடைத்து, மடிப்பு விழாமல் டேப் ஒட்டுங்கள். அடுத்த ஓய்வில் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் கொப்புளம்தான்.

சரி, அந்தக் கடைசி இரவுக்கு வருகிறேன். காலையில் விரல் மரத்துப் போயிருக்கும், புத்தியும் மந்தமாக இருக்கும். எனவே யோசிக்க வேண்டியதை எல்லாம் இரவிலேயே முடித்துவிடுங்கள். பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, மூடியை இறுக்கி, சாக்ஸுக்குள் போட்டு ஸ்லீப்பிங் பேக்கில் கால்மாட்டில் வையுங்கள். தண்ணீர் ஃபில்டரும் பேட்டரியும் பக்கத்தில் படுக்கட்டும். ஃபில்டர் ஒருமுறை உறைந்தால் உள்ளிருக்கும் நுண்குழாய்கள் விரிசல் விட்டுவிடும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது, கிருமியை மட்டும் விட்டுவிடும். ஷூ நாடாவை நன்றாகத் தளர்த்தி வாயை அகலத் திறந்து வையுங்கள். ஈர நாடா உறைந்தால் கம்பி மாதிரி ஆகிவிடும். ஹெட்லாம்ப் கழுத்திலேயே கிடக்கட்டும்.

தூங்கும் முன் திரும்பும் நேரத்தை எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். நான் வைப்பது பத்து மணி. பத்துக்குள் கணவாயின் மேல் நிற்கவில்லை என்றால், உச்சி எவ்வளவு பக்கத்தில் தெரிந்தாலும் வந்த வழியே திரும்பல். இதை மேலே போய்ப் பேசினால் யாருக்கும் மனசு வராது. ஒருமுறை நூறு மீட்டர் மிச்சமிருக்கும்போது திரும்பினோம். அன்று கூட வந்த நண்பர் இறக்கம் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த ஆண்டு அவர்தான் மூன்று மணிக்கு என் கூடாரத்தைத் தட்டினார்.